‘அசல் சிறுவிடை’ என்று வாங்கிய 15 குஞ்சுகள்: எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

கடந்த பிப்ரவரி மாதம், சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள ஒரு கோழிக்குஞ்சு விற்பனை நிலையத்தில் மூன்று வகைக் குஞ்சுகள் வாங்கினேன். ‘அசல் சிறுவிடை’ என்று அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருந்தவை 15, ‘கலர் கோழி’ என்று எழுதியிருந்தவை 10, வெள்ளைக் கறிக்கோழிக் குஞ்சுகள் 5. சிறுவிடை என்பது நாட்டுக்கோழியில் உடல் சிறுத்த வகை; கலர் கோழி என்பது நாட்டுக்கோழி போலப் பல நிறத்தில் இருந்தாலும் அதைவிட வேகமாக வளரும் கலப்புக் கோழி. எல்லாம் ஒரே நாளில் பொரித்தவை. பள்ளியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, மாங்காட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் இருக்கும் காலியிடத்தில் இவற்றைச் சேர்த்து வளர்த்து, வாரந்தோறும் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. அந்தக் குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று. அதன் உரிமையாளரும் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். குஞ்சுகளின் நலத்தைப் பொறுத்தவரை இந்தக் கடையிடம் எனக்குக் குறையே இல்லை. பெட்டியைத் திறந்தபோது ஒவ்வொரு குஞ்சின் தொப்புளும் நன்றாக உலர்ந்து மூடியிருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. கால்களில் வறட்சி இல்லை. மாரெக் நோய்க்கான தடுப்பூசியைப் பொரித்த அன்றே போட்டிருந்தார்கள். ஏழாம் நாள், கிராமத்தில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய்க்கான சொட்டு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு ஓர் இளைஞர் வீட்டுக்கே வந்து, குஞ்சு ஒவ்வொன்றையும் கையிலெடுத்துக் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும்வரை காத்திருந்து கீழே இறக்கினார். இந்தக் காத்திருத்தலைப் பலர் செய்வதில்லை. மருந்து வழிந்து வீணாகிவிடும். முதல் இரண்டு வாரங்களில் முப்பதில் நான் இழந்தது ஒரே ஒரு குஞ்சுதான், அதுவும் சிறுவிடைப் பெட்டியில் வந்தது.

பரண் போல ஒரு மூலையை அடைத்து, நிலக்கடலைத் தோல் பரப்பி, பல்பு தொங்கவிட்டு, முதல் வாரம் 35 பாகை வெப்பம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம், ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். முதல் நான்கு வாரங்களுக்குப் புரதம் 22 விழுக்காடு உள்ள குஞ்சுத் தீவனத்தையே அனைத்துக்கும் வைத்தேன். சிறுவிடைக்கு இவ்வளவு புரதம் தேவையில்லை என்பது தெரியும். தீவனத்தில் வேறுபாடு இருந்தால், பிறகு எடையில் காணும் வேறுபாட்டுக்குத் தீவனமா பிறப்பா காரணம் என்று சொல்ல முடியாமல் போய்விடும் என்பதால் அப்படிச் செய்தேன்.

எடை பார்ப்பதற்குச் சமையலறைத் தராசையும் மூடியில்லாத ஓர் எவர்சில்வர் தூக்கையும் பயன்படுத்தினேன். குஞ்சைத் தூக்குக்குள் இறக்கி மேலே ஒரு துணியைப் போட்டால், இருட்டானவுடன் அது சத்தமடங்கி நின்றுவிடும்; எண் ஆடாமல் நிற்கும்வரை ஐந்தாறு விநாடி பொறுத்திருந்தால் போதும். கால்களில் வண்ண வளையம் மாட்டி, எந்தக் குஞ்சு எது என்று குழப்பமில்லாமல் வைத்திருந்தேன். முதல் வாரத்தில் சிறுவிடைப் பெட்டியில் வந்தவற்றுக்கும் கலர் கோழிகளுக்கும் இடையில் என் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. நான்காம் வாரம் முடிந்தபோதுதான் குறிப்பேட்டில் கோடு பிரிந்தது. சிறுவிடை என்று வந்து உயிரோடிருந்த 14 குஞ்சுகளில் நான்கு மட்டும் 180 கிராமுக்குக் கீழே நின்றன. மற்ற பத்தும் 350 முதல் 420 கிராம் வரை ஏறி, கலர் கோழிகளின் பக்கத்தில் போய் நின்றுவிட்டன. எட்டாம் வார முடிவில், அதாவது 56ஆம் நாளில், அந்த நான்கும் 380 முதல் 440 கிராம். பத்தும் 900 முதல் 1,050 கிராம். கலர் கோழிகள் 1,000 முதல் 1,200 கிராம். வெள்ளைக் கறிக்கோழிகள் 42ஆம் நாளிலேயே இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தன.

கலர் கோழிக் குஞ்சைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்துச் சிறுவிடை என்று வாங்கிய பதினைந்தில், பத்து சிறுவிடை இல்லை என்பதுதான் இந்த மதிப்புரையின் சாரம். ஆனால் அதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று வாசிப்பவர்கள் கேட்பது நியாயம். அந்தப் பத்தும் பார்ப்பதற்கு நாட்டுக்கோழியாகத்தான் இருந்தன: செங்கருப்பு, காகக் கருப்பு, புள்ளி என்று பல நிறம், மெலிந்த கழுத்து, மஞ்சள் கால். கடையில் இருந்தவரும் காலைத் தூக்கிக் காட்டி, மஞ்சளாக இருப்பதால் அசல் என்றுதான் சொன்னார்.

இறகின் நிறத்தை முடிவு செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மரபணுக்கள். ஒரே ஒரு சேவலின் வழியாக அவை இரண்டு தலைமுறையில் ஒரு மந்தை முழுவதும் பரவிவிடும். எடையும் வளரும் வேகமும் அப்படியல்ல. ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கும் எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து அவற்றை முடிவு செய்கின்றன. ஆகவே நாட்டுக்கோழியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கறிக்கோழியின் உடம்பை வைத்திருக்கும் ஒரு பறவையை உருவாக்குவது கடினமே அல்ல. மஞ்சள் காலும் அப்படித்தான். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் தோலுக்குரிய மரபணு வடிவம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு காட்டினார்கள். தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் நொதி தோலில் மட்டும் குறைவாக உண்டாவதால் நிறமி அங்கேயே தங்கிவிடுகிறது. நம் மலைக்காட்டுப் பறவையின் மரபு உலகெங்கும் உள்ள கோழிகளின் காலில் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அதே மஞ்சள் கால் வெளிநாட்டு வணிகக் கோழிகளிலும் இருப்பதால், அதைக் காட்டி அசல் என்று விற்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கடக்நாத் என்ற கருங்கோழி வாங்குபவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: உடல் முழுவதும் கருமையாக இருக்கச் செய்யும் பண்பு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பு என்பதால் கலப்புக் குஞ்சிலும் அது பெரும்பாலும் தலைகாட்டும்; ஆகவே கருமையும் அசலுக்குச் சான்றல்ல.

வளரும் வேகம் எவ்வளவு ஆழமாகப் பரம்பரையில் பதிந்திருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. பால் சீகல் என்ற ஆய்வாளர் 1957ஆம் ஆண்டு வெள்ளை பிளைமவுத் ராக் இனக் கோழிகளின் ஒரே கூட்டத்தை எடுத்துக்கொண்டார். 56ஆம் நாளில் எடை பார்த்து, எடை கூடியவற்றைக் கூடியவற்றோடும், குறைந்தவற்றைக் குறைந்தவற்றோடும் சேர்த்து, ஆண்டுக்கொரு தலைமுறையாகப் பெரிய வழி, சிறிய வழி என்று இரண்டு பரம்பரை வழிகளை வளர்த்தார். வேறு எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஏறக்குறைய ஐம்பது தலைமுறைக்குப் பிறகு, ஒரே வயதில் ஒரே தீவனம் தின்ற இரு வழிகளுக்கும் இடையில் எடை சுமார் பத்து மடங்கு வேறுபட்டது. அதைவிட என் மனத்தைத் தொட்டது பசி பற்றிய செய்தி. பெரிய வழிக் கோழிகள் நிறுத்தாமல் தின்று கொழுப்பேறிப் போவதால், அவற்றுக்குத் தீவனத்தை அளந்து வைக்க வேண்டியிருக்கிறது. சிறிய வழியிலோ, தீவனம் கண்முன் இருந்தும் தின்னாமலே முதல் சில வாரங்களில் இறந்துபோகும் குஞ்சுகள் உண்டு. 1983ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மூளையில் வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹைப்போதலாமஸ் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். சிறிய வழிக் கோழிகள் அளவு மீறித் தின்று கொழுத்தன. பெரிய வழிக் கோழிகளிடம் எந்த மாற்றமும் இல்லை. போதும் என்று சொல்லும் இடம் அவற்றின் மூளையில் ஏற்கெனவே செயலிழந்தது போலத்தான் இருந்தது. எடையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்தவர்கள், அறியாமலே பசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இதைப் படித்திருந்தும், கொல்லையில் கண்ணால் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் புரிந்தது. கறிக்கோழிகள் ஐந்தும் தீவனத் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுந்து, தின்று, அங்கேயே மறுபடி உட்காரும். அந்தச் சிறிய நான்கும் இரண்டு கொத்து கொத்திவிட்டு, முருங்கை மரத்தடிக் குப்பையைச் சீய்க்கப் போய்விடும். காலால் இரண்டு தள்ளு, ஓர் அடி பின்வாங்கல், தலையைச் சாய்த்து ஒரு பார்வை, பிறகு ஒரு கொத்து. சிறுவிடை என்று வந்த மற்ற பத்தும் எங்கே நின்றன என்றால், தட்டைச் சுற்றித்தான். எடை எழுதுவதற்கு முன்பே அவற்றின் நடத்தை எனக்கு விடை சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் கறிக்கோழியைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஊசி போட்டுத்தானே இப்படி வளர்க்கிறார்கள் என்று கேட்டார்கள். இல்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978 ஆகிய ஆண்டுகளின் கோழி வழிகளை மாற்றமில்லாமல் காத்து வைத்திருந்தார்கள். அவற்றை 2005ஆம் ஆண்டின் வணிகக் கறிக்கோழியோடு சேர்த்து ஒரே தீவனத்தில் வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், மாறியது பரம்பரை மட்டும்தான். கறிக்கோழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய செய்திகள் வேறு இருக்கின்றன: வளர்ச்சியை ஊக்குவிக்கத் தீவனத்தில் கலக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகள் அவற்றில் முக்கியமானவை, அவற்றுள் ஒன்றான கொலிஸ்டினை இந்திய அரசு 2019ஆம் ஆண்டு கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்தது. இல்லாத ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் இருக்கும் சிக்கல் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

அந்த வேகமான உடலுக்கு ஒரு விலை உண்டு. ஐந்து கறிக்கோழிகளில் மூன்றைக் கறிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டை மனம் வராமல் வைத்திருந்தேன். மே மாதம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், ஒரு நண்பகலில் அவற்றுள் பெரியது நிழலிலேயே வாயைப் பிளந்து மூச்சிரைத்து, நான் ஈரச் சாக்கு நனைத்துக்கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்க வேண்டும். தின்ற தீவனம் இவ்வளவு வேகமாகத் தசையாக மாறும்போது உண்டாகும் வெப்பமும் மிகுதி. இதயமும் நுரையீரலும் மார்புத் தசையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வளர்வதில்லை. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் இந்தக் கோழிகளுக்கு வருவதும் இதனால்தான். அதே நேரத்தில் சிறுவிடை நான்கும் மண்ணைக் குழித்து, சிறகை விரித்து, அந்தக் குளிர்ந்த மண்ணில் படுத்திருந்தன. அந்தக் கறிக்கோழியின் இறப்பை நான் கடையின் கணக்கில் எழுதவில்லை. ஆனால் சென்னையில் கொல்லையில் வளர்க்கக் கேட்பவர்களுக்குக் கோடைக்கு முன்பு கறிக்கோழிக் குஞ்சை விற்கும்போது, 42 நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உரிமையாளர் இளைஞர்; எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “டீச்சர், நான் பொய் சொல்லலை. முட்டை வர்ற பண்ணையில என்ன சேவல் விட்டிருக்காங்கன்னு நான் எங்க போய்ப் பார்க்கிறது?” என்றார். “பார்க்கத்தான் வேணும் தம்பி. பெட்டியில அசல்னு எழுதினது நீங்கதானே?” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தென்மாவட்டங்களில் மூன்று இடங்களிலிருந்து முட்டை வாங்குவதாகவும், மூன்று மாதத்தில் ஒரு கிலோ வராவிட்டால் வாங்குபவர்கள் சண்டைக்கு வருவதாகவும் சொன்னார். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. சிறுவிடையின் பெயரும் வேண்டும், கலர் கோழியின் எடையும் வேண்டும் என்று கேட்கிறோம். பண்ணைக்காரர் சிறுவிடைப் பெட்டைகளின் நடுவில் எடை கூடிய சேவலை விட்டுவிடுகிறார். ஒரே முறை கலந்திருந்தால் குஞ்சின் எடை இரண்டு பெற்றோருக்கும் நடுவில், என் கணக்குக்குச் சுமார் 750 கிராமில், கலப்புக் குஞ்சுகள் பெற்றோரின் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக வளரும் கலப்பு வீரியத்தையும் சேர்த்தால் அதற்குச் சற்று மேலே நின்றிருக்க வேண்டும். என் பத்துக் குஞ்சுகளும் 900 கிராமுக்கு மேல் போனதால், கலப்பு ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை என்றுதான் கருதுகிறேன்.

கலப்பை நான் வெறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் உருவான வனராஜாவும் கிராமப்பிரியாவும், பெங்களூரு கால்நடைக் கல்லூரியின் கிரிராஜாவும் கொல்லைப்புறத்தில் வளர்ப்பதற்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை. பலருக்கு வருமானம் தந்தவை. நம் ஊரிலேயே, இன்று அலுவலகங்களும் மெட்ரோ நிலையமுமாக இருக்கும் நந்தனத்தில் ஒரு கோழியின ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நந்தனம் கோழி 1, நந்தனம் கோழி 2 என்பவை அங்கே உருவாகி அந்த இடத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அந்த நிலையம் இப்போது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன்: இன்றைய வெள்ளைக் கறிக்கோழியின் அகன்ற மார்பு கார்னிஷ் இனத்திலிருந்து வந்தது, அந்த இனத்தை இங்கிலாந்தில் உருவாக்கியபோது இந்தியாவின் அசில் கோழியைத்தான் பயன்படுத்தினார்கள். திட்டமிட்ட கலப்பில், எதை எதனோடு எதற்காகச் சேர்த்தோம் என்ற பதிவு இருக்கும். பெட்டியின் மேல் அசல் என்று எழுதி விற்கும் கலப்பில் அந்தப் பதிவு அழிந்துபோகிறது. கூடவே சிறுவிடையும் கரைந்துபோகிறது. எனக்கு வருத்தம் இதனால்தான், கொடுத்த பணத்தால் அன்று.

ஆகவே இந்தக் கடையைப் பற்றி என் முடிவு இரண்டாகப் பிரிகிறது. குஞ்சின் நலம், தடுப்பு மருந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் நேர்த்தி ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். கலர் கோழி வேண்டுமென்றால் தயங்காமல் அங்கே வாங்கலாம். சொன்ன எடைக்கு வந்தன, பத்தும் உயிரோடு வளர்ந்தன. சிறுவிடைக்கு ஐந்துக்கு ஒன்றரைதான். அதற்காகப் போகிறவர்கள், முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, அங்கே எந்தச் சேவல் நிற்கிறது, தாய்க்கோழிகள் அடை காக்கின்றனவா என்று கேளுங்கள். அடை காக்கும் குணம் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் வேலை. முட்டைக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வணிகக் கோழிகளில் அது ஏறக்குறைய மறைந்தேவிட்டது. சிறுவிடைப் பெட்டையில் இன்னும் முழுமையாக இருக்கிறது. முடிந்தால் ஒரே நாள் குஞ்சு வாங்காமல், ஒரு மாதக் குஞ்சாக வாங்கி, தராசை உடன் எடுத்துப் போங்கள். அடுத்த முறை முதல் பெட்டியில் ‘அசல்’ என்பதற்குப் பதிலாகப் பண்ணையின் ஊரை எழுதுவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். சென்ற வாரம் போனபோது இரண்டு பெட்டிகளில் ஊர்ப்பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். மூன்றாவதில் இன்னும் பழைய தாள்தான் ஒட்டியிருந்தது.

அந்தச் சிறிய நான்கில் இரண்டு பெட்டைகள். அவை உடன்பிறந்தவையா என்று தெரியாததால், கூட வந்த இரண்டு சேவல்களையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மானாமதுரைப் பக்கம் அம்மாவின் ஊரிலிருந்து ஒரு சிறுவிடைச் சேவலை வரவழைத்தேன். மூத்த பெட்டை வைக்கோல் போட்ட பழைய மூங்கில் கூடையில் ஒன்பது முட்டைகளின் மேல் உட்கார்ந்து இன்றோடு பதினான்கு நாள். நேற்றிரவு செல்போன் விளக்கில் வைத்துப் பார்த்ததில் ஏழு முட்டைகளில் கரு அசைகிறது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. தீனிக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் இறங்கி, பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறது.